பெண் பார்க்கப் போய் டிப்ஸ் வாங்கிய கதை

ஓட்டலில் பரிமாறுகிறவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இலையைப் பார்ப்போம், கரண்டியைப் பார்ப்போம், கரண்டியில் முந்திரி ஏதாவது வருகிறதா என்று உற்றுப் பார்ப்போம். கரண்டியைப் பிடித்திருக்கும் ஆசாமிக்கு மூக்கு இருக்கிறதா, மீசை இருக்கிறதா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. கை கழுவிவிட்டு வந்து டிப்ஸ் வைக்கும்போது, "நமக்குப் பரிமாறினது இவர்தானா?" என்று ஒரு சந்தேகம் வரும் பாருங்கள், அது எல்லோருக்கும் வருவதுதான். இந்த உண்மையை நம்பித்தான் நான் என் இருபத்தாறாவது வயதில், திருத்தணி சித்தூர் ரோட்டில், பட்டப்பகலில், ஒரு மகா முட்டாள்தனம் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்களுடையது தறி வீடு. முன்பாதியில் பவர்லூம் ஓடும், பின்பாதியில் நாங்கள் இருப்போம். அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. "உப்பு எடு" என்பதை நாங்கள் சொல்கிற விதத்தில் தெருவில் போகிறவர்கள் சண்டையை விலக்கி வைக்க உள்ளே வந்திருக்கிறார்கள். எனக்குப் பெண் கொடுக்க வந்த ஒரு அம்மாள், "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்டார். நைனா பதில் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, போய்விட்டார். இத்தனைக்கும் நைனா சொன்னது "பி.காம்." என்பது மட்டும்தான்.

நான் உள்ளூர் நெசவாளர் சங்கத்தில் கிளார்க். வேலை இருந்தது, பெண்தான் அமையவில்லை. அந்த நேரத்தில்தான் தரகர் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தார். வனஜா. மெட்ராசில் இருக்கும் எங்கள் ஜனம். அப்பா கணக்குத் தணிக்கை அதிகாரி. போட்டோவில் அந்தப் பெண் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பது போல் இருந்தாள். எனக்கு அங்கேயே கதை முடிந்துவிட்டது. அந்த போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போவேன், பாவு நூல் கணக்கு எழுதும்போது எடுத்துப் பார்ப்பேன், எழுதினதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் சாமியாராகப் போய்விடுவது என்று உண்மையாகவே முடிவு செய்திருந்தேன்.

சாமியாருக்கு வேண்டிய முதல் தகுதியை அம்மா முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டாள். ஜாதகம் பொருந்தியது என்று தெரிந்த மறுநாளே என்னை மலைமேல் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டுவிட்டாள்.

"ஏம்மா, கல்யாணம் முடிஞ்சப்புறம் போட்டுக்கறேனே!" என்று கெஞ்சினேன்.

"நல்ல எடம் வந்தா மொட்டை போடறேன்னுதான் வேண்டிக்கினேன். வந்துட்சி. அப்புறம் சாமியைக் காக்க வெக்கலாமா?"

"அவங்களுக்கு அனுப்பின போட்டோல தலை நெறைய முடி இருக்குதும்மா!"

"முருகன் பாத்துக்குவான்."

முருகன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வேடிக்கை.

பெண்ணின் அப்பாவிடமிருந்து தரகர் மூலம் தகவல் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் நாங்கள் கை நனைக்கச் சொல்வோம், சாப்பிட்டுவிட்டுப் பிறகு பிடிக்கவில்லை என்று சொல்வது அவருக்குச் சங்கடமாம். எப்படியும் மலைக்கு சாமி கும்பிட வருகிறார்கள். கீழே சித்தூர் ரோட்டில் புதிதாக ஒரு ஓட்டல் திறந்திருக்கிறார்களாமே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம். அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் காசு. (தணிக்கை அதிகாரி!)

அந்த ஓட்டல் திருப்பதி போகும் டூரிஸ்ட் பஸ்களுக்காகவே கட்டியது. பஸ் நின்றால் மொத்தக் கூட்டமும் அரை மணியில் சாப்பிட்டுக் கிளம்பவேண்டும். அதற்காக முதலாளி 'பஃபே' என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நீள மேசையில் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். நாமே தட்டை எடுத்து, நாமே போட்டுக்கொண்டு, போய் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். சுவரில் பெரிதாக 'தங்களுக்குத் தாங்களே பரிமாறிக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் அதை ஏதோ தத்துவம் என்று நினைத்தார்கள்.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, என்னைத் தயார் செய்தார். மொட்டைத் தலைக்கு எடுப்பாக இருக்கும் என்று வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார். அந்த ஓட்டல்காரர் தன் ஆட்களுக்கும் அதையேதான் தைத்துக் கொடுத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"இங்கியே நில்லு," என்றார் பாவா, ஓட்டலுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டு. "அவங்க பஸ்ல வருவாங்க. நான் பஸ் ஸ்டாண்டாண்ட நின்னு கூட்டிகினு வரேன். வந்தா மெதுவா சிரி. கத்திப் பேசாத. தட்டைக் கையில வெச்சிக்கினு நின்னா போதும், பஃபேல அதான் மரியாதை."

தட்டை எடுத்துக்கொண்டு மேசை அருகே நின்றேன். அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் காசுக்கு ஆள் வைத்துப் பரிமாறுவது கிடையாது. தெருப் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். பந்தியில் உட்கார்ந்தவன் தன் கையால் எடுத்துப் போட்டுக்கொண்டான் என்றால் கல்யாண வீட்டுக்கே அவமானம். நான்கு பேர் நிற்க நாம் முதலில் நம் தட்டில் போட்டுக்கொள்வதோ, கேட்கவே வேண்டாம். இதில் நான் சாதாரண ஆளில்லை, ரசத்தில் பேர் எடுத்தவன். சோற்றைக் குழித்துக் காட்டினால் கரையை உடைக்காமல் ஊற்றுவேன். 'ரசத்துக்கு சிகாமணியைக் கூப்பிடு' என்று கே.ஜி.கண்டிகை வரை சொல்வார்கள். (சங்கத்தில் என்னைப் பற்றி யாரும் இப்படி எதுவும் சொன்னதில்லை.)

ஆகவே தட்டும் கையுமாக, எடுத்துப் போட்டுக்கொள்ள மனசு வராமல் நின்றேன். அப்போது ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. கூட்டம் புகுந்தது. முதலில் வந்த பெரியம்மா ஒருவர் என் மொட்டையையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சாதம் போடுப்பா" என்று தட்டை நீட்டினார்.

வயசானவர் தட்டை நீட்டினால் எப்படி மாட்டேன் என்பது? என் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு கரண்டி போட்டேன். ஒரே ஒரு கரண்டிதான், சத்தியமாக. அவருக்குப் பின்னால் இருந்தவரும் நீட்டினார். அவருக்குப் பின்னாலும் ஆள் இருந்தது. நான் சோற்றிலிருந்து சாம்பாருக்கு வந்தேன், சாம்பாரிலிருந்து ரசத்துக்கு வந்தேன். ரசக் கரண்டி கையில் ஏறியதும் எனக்கு நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. "ரசம்! ரசம்! யாருக்கு ரசம்!" என்று பந்திக் குரலில் கூவினேன். தறி வீட்டுக் குரல் வேறு. வாசலில் நின்ற பஸ் டிரைவர்கூட உள்ளே வந்துவிட்டார்.

ஓட்டலின் உண்மையான ஆள், முனிரத்தினம் என்று பேர், அப்பளக் கூடையோடு சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். முதலாளி புது ஆள் போட்டிருக்கிறார் போல என்று நினைத்துத் திரும்ப உள்ளே போய்விட்டார். (இதைப் பிற்பாடு அவரே சொன்னார், நிறைய கெட்ட வார்த்தைகளோடு.)

"எனக்குக் கொஞ்சமா" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தேன். வனஜா!

போட்டோவில் இருந்த அதே முகம், ஆனால் இது உயிரோடு, நெற்றியில் மலை விபூதியோடு, தட்டை நீட்டிக்கொண்டு நின்றது. பின்னால் அவள் அப்பா, அம்மா. மலையிலிருந்து நேராக டாக்சியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். பாவா அங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற ஒவ்வொரு பெண்ணையும் உற்றுப் பார்த்து அடி வாங்கும் நிலையில் இருந்திருப்பார்.

அந்த நொடியிலேயே கரண்டியை வைத்துவிட்டு, "நான்தான் மாப்பிள்ளை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லிப் பாருங்களேன், வலது கையில் ரசக் கரண்டி, தோளில் எப்போது எடுத்துப் போட்டேனோ தெரியாத துடைக்கிற துணி, மொட்டைத் தலையிலிருந்து வேர்வை சொட்டும் நிலையில்! என் மூளை வேறு திட்டம் போட்டது. இவர்கள்தான் என் முகத்தைப் பார்க்கவில்லையே. இவர்கள் போய் உட்காரட்டும். நான் நைசாகப் பின்பக்கம் போய், முகம் கழுவி, பாவாவோடு வாசல் வழியாக மாப்பிள்ளையாகவே நுழைந்துவிடலாம். இதைவிடச் சிறந்த திட்டம் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. கை நடுங்காமல் ஊற்றினேன். கரை உடையவில்லை.

அதுதான் வினையாகிவிட்டது. நான் நழுவுவதற்குள் மேசையிலிருந்து வனஜாவின் அப்பா கை தட்டினார். "ஏம்பா! ரசம் பிரமாதம். இங்க இன்னும் கொஞ்சம்!"

ரச வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊற்றினேன். திரும்பினேன். மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். ஊற்றினேன், உறிஞ்சினார், கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து, "தம்பி, நீ இந்த ஊர்தானே?" என்றார்.

"ஆங், இந்த ஊருதாங்க."

"இங்க நெசவாளர் சங்கத்துல சிகாமணின்னு ஒரு பையன் வேலை பாக்கறான். தெரியுமா?"

வாளி கையிலிருந்து நழுவப் பார்த்தது. "தெரியுங்க. ரொம்ப நல்லாவே தெரியும்."

"ஆள் எப்படி?"

பெண் கொடுக்கிறவர்கள் டீக்கடையில் விசாரிப்பார்கள், சலூனில் விசாரிப்பார்கள். அங்கெல்லாம் என்னைப் பற்றி என்ன சொல்வார்களோ என்று எத்தனையோ நாள் கவலைப்பட்டிருக்கிறேன். இப்போது கடவுளாகப் பார்த்து என்னையே சாட்சிக்கூண்டில் ஏற்றியிருக்கிறார். விடுவேனா?

"தங்கமான பையனுங்க," என்று ஆரம்பித்தேன். "பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் கெடையாது. பெரியவங்க முன்னாடி உக்கார மாட்டான்." (அந்த நேரத்தில் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.) "நேரத்துக்கு ஆபீசுக்குப் போவான், நேரத்துக்கு வூட்டுக்கு வருவான். மூஞ்சி நல்லா லட்சணமா இருக்கும்."

அப்போது வனஜா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டோல நிறைய முடி இருந்துது," என்றாள். "நிஜமாவே அவ்வளவு இருக்கா?"

"இருந்துதுங்க."

"இருந்துதுன்னா?"

"மறுபடியும் வருங்க."

அவளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மிளகு போலிருக்கிறது என்று ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். கண்ணில் நீர் வந்திருந்தது.

"அவங்க தறி வீடாமே," என்றார் அவள் அம்மா. "ரொம்ப சத்தம் போட்டுப் பேசுவாங்களாமே?"

"சேச்சே! அவன் பேசறது பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேக்காதுங்க!" என்றேன். சுற்றியிருந்த அத்தனை மேசைகளும் திரும்பிப் பார்த்தன.

போதும், தப்பித்துவிடலாம் என்று வாளியை எடுத்தேன். "அப்பா, இவருக்கு டிப்ஸ் குடுங்க," என்றாள் வனஜா.

அப்பா அதிர்ந்துவிட்டார். வாழ்நாளில் அவர் யாருக்கும் டிப்ஸ் கொடுத்ததே இல்லையாம். அதுவும் லஞ்சத்தில் ஒரு வகை என்பது அவர் கொள்கை.

"டிப்ஸா? இது செல்ஃப் சர்வீஸ்மா. போர்டைப் பாரு. நமக்கு நாமே பரிமாறிக்கிட்டா, டிப்ஸையும் நமக்கு நாமேதான் குடுத்துக்கணும். இந்தப் பாக்கெட்லேருந்து எடுத்து அந்தப் பாக்கெட்ல போட்டுக்கவா?"

"நமக்கு நாம எங்கப்பா பரிமாறிக்கிட்டோம்? இவர்தானே ஓடி ஓடிப் பரிமாறினார்? பரிமாறினவருக்குக் குடுக்கறதுதானே முறை?"

அப்பா வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ஒரு ஐந்து ரூபாய்த் தாளை எடுத்து, நான்காக மடித்து, என் சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தார். அந்தப் பையில்தான் அவர் மகளுடைய போட்டோ இருந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வேண்டாம் என்று சொன்னால் சர்வர் இல்லை என்று தெரிந்துவிடும். வாங்கிக்கொண்டால் நாளைக்கு மாமனாரிடம் டிப்ஸ் வாங்கிய மாப்பிள்ளை. வாங்கிக்கொண்டு, சலாம் வைத்தேன். ஏன் சலாம் வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை என் காலரைப் பிடித்தது. முனிரத்தினம்!

"யோவ், யார்யா நீ? முதலாளியாண்ட இப்பதான் கேட்டேன், புதுசா ஆளே போடலைங்கறாரு! பஃபே வந்ததுலேருந்து ஒருத்தன் டிப்ஸ் குடுக்கறதில்ல, நாங்க காஞ்சிகினு கெடக்கறோம். வெளியேருந்து வந்து எங்க டிப்ஸை அடிக்கறியா நீ?"

"விடுப்பா, மெதுவா பேசலாம்," என்றேன், என் வீட்டு வழக்கப்படி மெதுவாக. சமையல்கட்டிலிருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பாவா. கையில் வாழைப்பழச் சீப்பு, உடம்பெல்லாம் வேர்வை. என் காலரில் இருந்த கையைப் பார்த்தார். அவரும் தறிக்காரர்தான்.

"டேய்! யார் மேலடா கை வெக்கறே? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைடா அவன்! நெசவாளர் சங்கத்துல கிளார்க்குடா! பி.காம்.டா!"

முனிரத்தினம் காலரை விட்டுவிட்டார். வனஜாவின் அப்பா மெதுவாக எழுந்தார். என் தலையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"நீதான் சிகாமணியா?"

"ஆங்," என்றேன். முதல் தடவையாக என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தங்கமான பையனா? மூஞ்சி லட்சணமா? உனக்கு நீயே சர்டிபிகேட் குடுத்துக்கிட்டியா?" அவர் உதடு துடித்தது. "இத்தனை வருஷமா ஆடிட்ல இருக்கேன். தன் கணக்கைத் தானே தணிக்கை பண்ணிக்கிட்டவனை இப்பதான் பாக்கறேன். வனஜா, எழுந்திரு. போலாம்."

சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த முகம் டாக்சி ஏறிப் போகப்போகிறது, நான் வாளியோடு நிற்கிறேன். பாக்கெட்டிலிருந்து ரூபாயை எடுத்து நீட்டினேன். கூடவே போட்டோவும் வந்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்தது வனஜாதான்.

ஓரமெல்லாம் கசங்கி, வேர்வை பட்டு, ஒரு மூலையில் நூல் கணக்கின் மசி அப்பியிருந்த தன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "உக்காருங்கப்பா," என்றாள்.

"இவன் பண்ணினதுக்கு அப்புறமா?"

"இதுவரைக்கும் என்னைப் பாக்க வந்தவங்களுக்கெல்லாம் நான்தான் தட்டைத் தூக்கிட்டு வந்து நின்னேன். பஜ்ஜி நீ பண்ணினதான்னு கேட்டாங்க, குனிஞ்சு கும்பிடச் சொன்னாங்க. ஒருத்தராவது எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்தாங்களா? இவர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார்."

"அது உன்னை ஏமாத்தறதுக்கு..."

"என்னை எங்கே ஏமாத்தினார்? மறுபடியும் முடி வரும்னு சொன்னாரே, அப்பவே எனக்குத் தெரியும். அதனாலதான் டிப்ஸே குடுக்கச் சொன்னேன்." பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்: "சொன்னதெல்லாம் உண்மையான்னு நல்லா விசாரிங்க. லட்சணத்தை மட்டும் முடி வளர்ந்தப்புறம் பாத்துக்கலாம்."

அப்பா உட்கார்ந்தார். தணிக்கை அதிகாரி அல்லவா, அங்கேயே விசாரணையைத் தொடங்கிவிட்டார். முதல் சாட்சி முனிரத்தினம். "இந்தப் பையனைப் பத்தி நீ என்னப்பா நெனைக்கறே?"

"இவரை எனக்குத் தெரியாது சார்," என்றார் முனிரத்தினம். "ஆனா ரசம் சுத்தமா ஊத்தறாரு. ஒரு சொட்டு கீழ செந்தல. முதலாளி ஒத்துக்கினா நாளைக்கே வேலைல சேத்துக்கலாம்."

எனக்காக அன்றைக்குக் கிடைத்த ஒரே நேர்மையான சர்டிபிகேட் அதுதான். ஐந்து ரூபாயை முனிரத்தினத்திடமே கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "டெய்லி வா சார்" என்றார்.

பிறகு அப்பா எங்கெங்கோ விசாரித்தார். டீக்கடையிலும் விசாரித்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது. (முடி பாதிதான் வளர்ந்திருந்தது. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை யார் என்று கேட்காதவர்கள் கிடையாது.) யாருக்கும் டிப்ஸ் கொடுக்காத மாமனார், எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் ரசம் ஊற்றினால்தான் சாப்பிடுவார். கை கழுவி வந்து, ஐந்து ரூபாயை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, சபையைப் பார்த்து, "லஞ்சம் இல்லை" என்பார். அவர் போய்ச் சேரும் வரைக்கும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பெண்ணைப் பார்க்க ஒரு பையன் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கூச்ச சுபாவம். எங்கள் பெண் தட்டோடு வரப்போகிறாள் என்று அவன் வீட்டார் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தது என் மனைவி, பின்னாலேயே வெறுங்கையோடு எங்கள் பெண். ரச வாளியை நேராகக் கொண்டுபோய் அந்தப் பையன் கையில் கொடுத்து, "முதல்ல எல்லாருக்கும் டம்ளர்ல ஊத்துங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றாள்.

பையன் அரண்டுபோய்ச் சுற்றிலும் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான். என் பெண்ணுக்கு ஊற்றினான், அவன் அப்பாவுக்கு ஊற்றினான், எனக்கு ஊற்றும்போது பாதி ரசம் என் வேட்டியில் கொட்டிவிட்டது. கொதிக்கக் கொதிக்க. நான் துள்ளிக்கொண்டே ஐந்து ரூபாயைத் தேடிப் பையில் கை விட்டேன்.

வனஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பையன் நமக்குச் சம்மதம்," என்றாள். "டிப்ஸ் மட்டும் கிடையாது."